ஒரே தடம், பன்னிரண்டு மாதம்: காட்டு மருந்தறிவைக் குறித்து வைக்கும் முறை

"இந்தச் செடி, இந்த நோய்க்கு" என்று இரண்டே கட்டம் போட்டு நிரப்பிய மூலிகைப் பட்டியல்கள் நம்மிடம் ஏராளம். மலையில் வைத்தியம் பார்க்கும் ஒருவருக்கு அந்தப் பட்டியல் பாதி வாக்கியம் போலத்தான் தெரியும். எந்த மாதம் பறித்தது, வெயில் பக்கத்துச் சரிவா நிழல் பக்கமா, தளிரா முற்றலா, சாறா கசாயமா, எதோடு சேர்த்து, எத்தனை நாள், அந்த நாட்களில் எதைச் சாப்பிடக் கூடாது என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அது மருந்து. இவை எதுவும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் வராது. செடி முன்னால் நிற்கும்போதுதான் பெரியவர்களுக்கு நினைவு வரும். அதுவும் அந்தச் செடி அந்தந்தப் பருவத்தில் இருக்கும் கோலத்தைப் பார்த்தால்தான் வரும். ஆகவே ஒரு முறை நூறு செடி எழுதிவிட்டுத் திரும்புவதைவிட, ஒரே தடத்தில் ஒரு வருடம் நடப்பது எத்தனையோ மடங்கு பயன் தரும்.

இங்கே சொல்லும் முறை பொதிகை மலை அடிவாரத்தை, அதாவது களக்காடு முண்டந்துறைப் பகுதியில் காணி என்னும் பழங்குடி மக்களின் குடியிருப்புகளை மனத்தில் வைத்து எழுதியது. கொல்லிமலைக்கும் சவ்வாது மலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் மாதக் கணக்கும் பேச்சு வழக்கும் மாறும், வேலை முறை மாறாது.

முதலில் ஊர்ச் சம்மதம்

1987இல் கேரளத்துப் பக்கத்து அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன அறிவியலாளர்களுக்கு வழிகாட்டியாகக் காணி இளைஞர்கள் நடந்தார்கள். ஏற்றத்தில் களைக்காமல் இருக்க அவர்கள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டே போனார்கள். அந்தச் செடிதான் இன்று ஆரோக்கியப்பச்சை என்று எல்லாரும் அறிந்தது. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதன் இலையைக் கொண்டு 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. அதைத் தயாரிக்கும் உரிமத்தை 10 லட்சம் ரூபாய்த் தொகைக்கும் விற்பனையில் 2 சதவீதப் பங்குக்கும் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்து, வந்ததில் பாதியைக் காணி மக்களுக்கு என்று ஒதுக்கினார்கள். 1997இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகம் முழுக்கப் பாராட்டப்பட்ட ஏற்பாடு இது. ஆனாலும் வைத்தியம் பார்க்கும் பிலாத்திகளில் ஒரு பகுதியினர் "எங்கள் அறிவை விற்க யார் சம்மதம் கொடுத்தது?" என்று எதிர்த்தார்கள். வழிகாட்டிய ஓரிருவர் தலையாட்டியதை மொத்தச் சமூகத்தின் சம்மதமாக எடுத்துக்கொண்டதுதான் அங்கே விழுந்த முதல் முடிச்சு. குறிப்பேட்டைத் திறக்குமுன் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெரியவரிடம், காணிக் குடியிருப்பென்றால் மூட்டுக்காணியிடம், முதலில் பேசுங்கள். பிறகு ஊர்க் கூட்டத்தில், பெண்களும் வைத்தியர்களும் இருக்கும்போது, நான்கு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எதற்காக எழுதுகிறோம், எழுதியது எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், வேண்டாமென்றால் எப்படி நிறுத்தலாம். அன்றைக்கே பதில் கேட்காதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் விட்டு மறுபடி போங்கள். கூட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை என்பது சம்மதம் ஆகாது. பிடிக்காதவர்கள் பெரும்பாலும் வாய் திறக்காமல் எழுந்து போய்விடுவார்கள், அவர்களைத் தனியாகப் போய்ப் பாருங்கள்.

சட்டப் பக்கத்தையும் சுருக்கமாகத் தெரிந்து வையுங்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(k) இங்கே முக்கியம். பல்லுயிரோடு சேர்ந்த மரபறிவின் மீது அந்தச் சமூகத்துக்குக் கூட்டுரிமை உண்டு என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதுதான் ஆதாரம். புலிகள் காப்பகத்துக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ ஆய்வுக்காக நுழையவும், செடியின் ஒரு கிளையை ஒடிக்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி தேவை. குடியிருப்பு மக்களுக்கு உள்ள உரிமை அவர்களோடு நடக்கும் உங்களுக்கு வந்துவிடாது. வணிக நோக்கம் எதுவும் இருந்தால் 2002 பல்லுயிர்ச் சட்டத்தின்படி மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கும், வெளிநாட்டவர் யாராவது சேர்ந்திருந்தால் சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்கும் முன்கூட்டியே போக வேண்டும். அனுமதிக்கு மாதங்கள் ஆகும். காத்திருக்கும் நாட்களில் குடியிருப்பைச் சுற்றியுள்ள வேலியோரம், ஓடைக்கரை, கொல்லைப்புறச் செடிகளிலிருந்து வேலையைத் தொடங்கலாம். மருந்தெல்லாம் அடர்காட்டில்தான் இருக்கிறது என்பது வெளியூர்க்காரர்களின் நினைப்பு. பிள்ளைப்பேற்று மருந்தில் நிறைய வீட்டைச் சுற்றியே கிடைக்கும்.

தடம் வகுத்தல்

இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டர் போதும். ஊர்க்காரர்கள் ஏற்கெனவே தேனுக்கோ விறகுக்கோ கோயிலுக்கோ நடக்கும் பாதையாக இருக்கட்டும். புதுப் பாதை வெட்டக் கூடாது. அந்தத் தடத்தில் ஒரு நீரோடை, ஒரு பாறைச் சரிவு, ஒரு நிழல் காடு, கொஞ்சம் திறந்த புல்வெளி என்று நாலு வகை நிலம் வருமாறு பெரியவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வழியில் பத்துப் பன்னிரண்டு நிறுத்தங்களை ஊர்ப் பெயரிலேயே குறித்துக்கொள்ளுங்கள்: 'யானை உரசின மருது', 'சங்கிலிப் பாறை' என்பதுபோல. ஒவ்வொரு நடையிலும் அதே நிறுத்தங்களில் நின்று, ஏற்கெனவே எழுதிய செடிகள் இன்று எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். தளிர், மொட்டு, பூ, காய், பழம், இலையுதிர்வு என்று ஆறு கட்டம். ஒவ்வொன்றிலும் இல்லை என்றால் 0, கொஞ்சம் 1, பாதி 2, நிறைய 3.

மாதம் இரண்டு நடை, வருடத்துக்கு இருபத்துநாலு. பொதிகையின் கிழக்குச் சரிவில் ஐப்பசி கார்த்திகை மழையில் ஓடை பெருகி இரண்டு மூன்று நடை தவறும், பரவாயில்லை. ஆனால் மழை விட்டவுடன் போகும் முதல் நடையை மட்டும் தவற விடாதீர்கள். கோடையில் மண்ணுக்குள் உறங்கிய கிழங்குகளெல்லாம் முளைத்து, கொடி ஓடி, பூத்திருக்கும். செங்காந்தள் அப்படிப்பட்டது. பங்குனியில் அதே இடத்தில் நின்றால் அங்கே ஒரு செடி இருந்ததற்கான அடையாளமே இருக்காது. சீந்தில் கொடி இலை உதிர்த்து நிற்கும்போதுதான் தண்டை எடுக்கலாம் என்று ஒருவர் சொல்வார், மழைக்காலத்துத் தண்டுதான் நல்லது என்று இன்னொருவர் சொல்வார். ஒரே நடையில் முடித்திருந்தால் இந்த வேறுபாடே கண்ணில் பட்டிருக்காது.

ஒரு நடையில் புதிதாக ஐந்தாறு செடிக்கு மேல் எழுதாதீர்கள். நாற்பது எழுதினால் நாற்பதும் அரைகுறையாக நிற்கும், அதைச் சரிசெய்ய மறுபடி நாற்பது கேள்வி கேட்டுப் பெரியவரை அலுக்க வைப்பீர்கள். முதல் இரண்டு நடையில் குறிப்பேட்டை வெளியே எடுக்கவே வேண்டாம். வழியையும் அவர் நடக்கும் வேகத்தையும் அவர் எங்கே நின்று எதைப் பார்க்கிறார் என்பதையும் கவனித்தால் போதும்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டுப் பதினொன்றுக்குள் திரும்புவது நல்லது. யானை நடமாட்டம் பற்றிப் பெரியவர் "இன்னைக்கு வேண்டாம்" என்றால் அதோடு முடிந்தது, காரணம் கேட்டு நிற்கக் கூடாது. அட்டைக்கு உப்புத் துணி முடிச்சு. திரும்பியதும் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து வேறு.

கூலி

உடன் வரும் பெரியவருக்கும் துணைக்கு வரும் இளைஞருக்கும் நாள் கூலி கொடுக்க வேண்டும். உள்ளூரில் அன்றைய வேலைக்கு என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாமல், நடை முடிந்ததும் கையில். செடிக் கணக்குக்குக் காசு கொடுக்காதீர்கள். 'ஒரு செடிக்கு இவ்வளவு' என்று ஆரம்பித்தால் அடுத்த நடையில் வழியில் உள்ள எல்லாச் செடிக்கும் பெயரும் நோயும் முளைத்துவிடும். குற்றம் சொன்னவர் மேல் இல்லை, அந்த ஏற்பாட்டின் மேல்தான். எதுவுமே சொல்லாமல் நடந்து திரும்பிய நாளுக்கும் அதே கூலி என்று தெரிந்தால்தான் "இது எனக்குத் தெரியாது" என்று தாராளமாகச் சொல்வார்கள். அந்தத் 'தெரியாது' உங்கள் குறிப்பேட்டின் நம்பகத்தன்மைக்கு மிக முக்கியம்.

பெண்களுக்கான மருந்தறிவைப் பெண்தான் கேட்க வேண்டும், அதுவும் ஆண்கள் இல்லாத நடையில். அந்தத் தடமே வேறாக இருக்கும், நேரமும் வேறாக இருக்கும். இரண்டையும் ஒன்றாக்க முயல வேண்டாம்.

கேட்கும் விதம்

"தாத்தா, இது மஞ்சக்காமாலைக்குத்தானே?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். மரியாதைக்கு வரும் ஆமா அது. நோயின் பெயரையோ செடியின் பெயரையோ நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். செடி அருகே நின்று பேசாமல் இருங்கள். அவர் கை அதன் மேல் போனால் "இதை என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று தொடங்கி, "வீட்டுல எதுக்கு எடுப்பீங்க?" என்று போகலாம். அதன்பின் கேட்க வேண்டிய கேள்விகளில் மிகப் பயனுள்ளது ஒன்று: "கடைசியா இதை எப்போ கொடுத்தீங்க?" போன மாதம் பேத்திக்குக் கொடுத்தது என்றால் அது இன்றைக்கும் புழங்கும் மருந்து. "எங்க ஐயா காலத்துல கொடுப்பாங்க" என்றால் வேறு. ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் ஓரெழுத்து போடுங்கள். தானே செய்தது என்றால் 'செ', பிறர் செய்யக் கண்டது 'பா', காதால் கேட்டது 'கே'. வருட முடிவில் இந்த ஓரெழுத்துதான் உங்கள் பதிவை மற்றப் பட்டியல்களிலிருந்து பிரித்துக் காட்டும். மருந்து சாப்பிட்டவரின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

நோயின் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. 'வாயு', 'உள் சூடு', 'தோசம்', 'கணை' என்று அவர் சொன்னதை அப்படியே எழுதி, அதன் அடையாளம் என்ன என்று கேட்டு எழுதுங்கள்: வயிறு உப்புமா, கண் எரியுமா, குழந்தை இரவில் அழுமா. 'கணை' என்று சொன்னதை நீங்களே காசநோய் என்று மாற்றி எழுதிவிட்டால் பின்னால் யாராலும் திருத்த முடியாது.

செய்முறையைச் சொல்லக் கேட்பதோடு விடாமல் ஒரு முறை செய்யச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது விட்டுப்போகும் இடங்கள் கையில் வரும். முக்கியமாகச் சுத்தி, அதாவது மருந்துச் சரக்கின் நஞ்சை நீக்கும் பக்குவம். சேங்கொட்டையின் பால் பட்டாலே தோல் கொப்புளிக்கும், எட்டிக் கொட்டை உயிரை எடுக்கும். இவற்றை மருந்தாக்குவதற்குமுன் செய்யும் சுத்தி அவருக்கு அரிசி கழுவுவதுபோல் இயல்பானது, அதனால் தனியாகச் சொல்லத் தோன்றாது. நீங்களும் கேட்காமல் விட்டால் உங்கள் பக்கத்தில் இருப்பது நஞ்சுக்கான செய்முறை. நச்சுச் செடிகளின் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்டு வையுங்கள். செங்காந்தள் கிழங்கு, குந்துமணி விதை, அரளி எல்லாம் இதில் சேரும். அவற்றின் செய்முறை ஊருக்கு வெளியே போகும் எந்தப் பிரதியிலும் வரக் கூடாது. அடையாளம் பார்க்கிறேன் என்று நீங்கள் எதையும் வாயில் வைக்கவும் கூடாது.

பிடியும் சிட்டிகையும்

"ஒரு பிடி" என்று எழுதிவிட்டு வந்தால் அது யார் பிடி? 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்றை எடுத்துப் போங்கள். பெரியவரையே மூன்று முறை பிடி எடுக்கச் சொல்லி, மூன்றையும் தனித்தனியாக நிறுத்து, மூன்று எண்ணையும் எழுதுங்கள். சராசரி போட வேண்டாம், எவ்வளவு கூடிக் குறையலாம் என்பதே ஒரு தகவல். பச்சையாக நிறுத்ததா காய்ந்தபின்னா என்று பக்கத்தில் குறியுங்கள். விரற்கடை என்றால் அவர் விரலை அளவுகோலில் வைத்து அளக்கலாம். சிட்டிகைக்கு மூன்று விரலா இரண்டு விரலா என்று பாருங்கள்.

நீர் அளவில் ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336, படி 1344. ஆனால் இன்று பல வீட்டில் 'ஆழாக்கு' என்பது கையில் கிடைத்த டம்ளர்தான். அந்த டம்ளரை வாங்கித் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்துவிட்டால் தீர்ந்தது. தண்ணீருக்கு ஒரு கிராம் ஒரு மில்லி. கசாயம் என்றால் எவ்வளவு ஊற்றி எவ்வளவாக வற்றியது, எவ்வளவு நேரம் ஆனது, மண் சட்டியா வேறு பாத்திரமா, மூடி போட்டதா என்பதெல்லாம் வேண்டும். நாலில் ஒன்றாக வற்றுவதும் எட்டில் ஒன்றாக வற்றுவதும் ஒரே மருந்து அல்ல. பிறகு துணைமருந்து: தேனா, மோரா, வெந்நீரா, கருப்பட்டியா. பிறகு பத்தியம். யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள், கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் தனித்தனியாக.

நிரப்பிய பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

எண் 31. தை 12, காலை 8.40. நிறுத்தம் 7, ஓடைக்கு மேல் கிழக்குப் பார்த்த பாறை இடுக்கு, பாதி நிழல்.
அவர் சொன்ன பெயர்: நன்னாரி. ஒலிப்பதிவு 31-அ.
செடி: தரையில் ஓடும் மெல்லிய கொடி, எதிரெதிர் இலை, குறுகலாக, நடுநரம்பையொட்டி வெள்ளைக் கோடு. கிள்ளினால் பால். பூ இல்லை.
பகுதி: வேர். பென்சில் கனத்தைவிட மெல்லியது. உள் நரம்பை உருவி எறிந்துவிட்டுத் தோலை மட்டும் (செ).
எடுத்த விதம்: ஒரு பக்கத்து மண்ணை மட்டும் விரலால் விலக்கி, வேர் போகும் திசையைத் தடவிப் பார்த்து, ஒரு சாண் நீளம் வெட்டி, மண்ணை மூடி மிதித்தார். கொடியின் அடியைத் தொடவில்லை.
அளவு: பிடி மூன்று முறை, பச்சை வேர் 38.2, 41.0, 35.6 கிராம்.
பயன்: உள் சூடு. அடையாளம் கேட்டதற்கு, நீர் கடுத்துப் போவது, கண் எரிவது.
செய்முறை: தட்டி, இரவு மண்சட்டித் தண்ணீரில் ஊறல். காலையில் வடித்துக் கருப்பட்டி சேர்த்து. மூன்று நாள் (செ). பத்தியம் இல்லை.
கொடுக்காதது: சளி பிடித்திருக்கும்போது (கே).
மாதிரி: எடுக்கவில்லை, பூ வந்தபின் எடுக்க வேண்டும்.

'எடுத்த விதம்' என்ற வரியைப் பாருங்கள். நாம் எழுதும் படிவங்களில் அநேகமாக இருப்பதில்லை. மருந்தறிவின் சரிபாதி அங்கேதான் இருக்கிறது. அடுத்த வருடமும் அந்தக் கொடி அங்கே இருப்பது அந்த விரல்களால்தான்.

பெயரும் செடியும்

பெயரை நம்பிச் செடியை முடிவு செய்யக் கூடாது. நன்னாரி என்று சந்தையில் வரும் தடித்த, சதைப்பற்றான வேர் பெரும்பாலும் மாகாளிக்கிழங்கு. இரண்டுக்கும் வாசம் தரும் பொருள் ஒன்றே என்பதால் மூக்கை வைத்துப் பிரிக்க முடியாது, இலையைப் பார்க்க வேண்டும். சிறியாநங்கை என்று ஓர் ஊரில் நிலவேம்பையே சொல்வார்கள், இன்னோர் ஊரில் கேட்டால் வேறு செடியைக் காட்டுவார்கள். கீழாநெல்லி என்று கையில் வருவதில் பிலாந்தஸ் அமாரஸும் இருக்கும், அதன் தங்கை தம்பிகளும் இருக்கும். மேலாநெல்லி தனிச் செடி. சீந்திலில், இலையின் அடியில் மென்மயிர் இருந்தால் அது டினோஸ்போரா சைனன்சிஸ். தண்டு முழுக்கச் சிறு கொப்புளம் போன்ற முடிச்சும் ஒடித்தால் பாலும் வந்தால் டினோஸ்போரா கிறிஸ்பாவாக இருக்கலாம், அதற்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு அவசியம். நாம் சீந்தில் என்று சொல்லும் டினோஸ்போரா கார்டிஃபோலியாவில் பால் வராது, பழம் உருண்டையாகச் சிவந்திருக்கும்.

அதே சமயம், பெரியவர் சொன்ன பெயரைப் புத்தகப் பெயருக்கு மாற்றித் திருத்தவும் கூடாது. காணி மக்களின் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து வரும், குறில் நெடில் மாறினால் செடியே மாறலாம். கேட்டபடி எழுதி ஒலிப்பதிவைப் பக்கத்தில் வையுங்கள். தாவரவியல் பெயர் வேறொரு கட்டத்தில், வேறொரு நாளில், மாதிரியைப் பார்த்தவர் சொன்னபின் எழுத வேண்டியது.

படம் எடுக்கும்போது ஒரு செடிக்கு ஆறு: நிற்கும் இடத்தோடு முழுச் செடி, தண்டில் இலை அமைந்த விதம், இலையின் மேல்புறம், அடிப்புறம், பூ நேராகவும் பக்கவாட்டிலும் ஒன்றாக, காய் இருந்தால் குறுக்கே வெட்டியது. மரமென்றால் பட்டையும் அதில் கசியும் நிறமும். ஒவ்வொன்றிலும் ஓர் அளவுகோலும் எண் சீட்டும் தெரிய வேண்டும். எண் சீட்டு இல்லாத படம் மூன்று மாதத்தில் எந்தச் செடி என்று தெரியாமல் போகும்.

மாதிரி எடுத்தல்

பூவோ காயோ இல்லாத கிளையை எடுத்துப் பயனில்லை, யாராலும் உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது. கண்ணுக்கு எட்டும் வரை அதே செடி இருபது இருந்தால் ஒன்றிலிருந்து எடுங்கள், இல்லையென்றால் படத்தோடு விடுங்கள். சிறு பூண்டென்றால் வேரோடு, மரமென்றால் ஒரு சாண் கிளை. நிலைமை அனுமதித்தால் மூன்று பிரதி: ஒன்று ஊருக்கு, ஒன்று அடையாளம் சொல்லும் நிறுவனத்துக்கு, ஒன்று உங்கள் பதிவோடு.

அழுத்தும் பலகை 30க்கு 45 சென்டிமீட்டர். செய்தித்தாளை மடித்து உள்ளே செடியை வைக்கும்போது குறைந்தது ஓர் இலையைத் திருப்பி அடிப்புறம் மேலே தெரியும்படி வையுங்கள். அத்தனை இலையும் ஒரே முகம் காட்டினால் காய்ந்தபின் அடிப்புற மயிரைப் பார்க்க இலையை உடைக்க வேண்டிவரும். பெரிய செடியை வெட்டாமல் ஆங்கில எழுத்து வி, என் போல மடிக்கலாம். நடுவில் அட்டைப்பெட்டியின் நெளி அட்டையைச் செருகினால் காற்று ஓடும். கயிற்றை நன்றாக இறுக்குங்கள், தளர்ந்தால் இலை சுருங்கும்.

தாளை மாற்றுவதில்தான் பலர் தோற்கிறார்கள். முதல் இருபத்துநாலு மணி நேரத்தில் ஒரு முறை, பிறகு மூன்று நாள் தினமும், அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள். எட்டுப் பத்து நாளில் இலையைக் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியக் கூடாது, அதுதான் காய்ந்ததன் அடையாளம். மழைக் காலத்தில் தாள் மாற்றத் தவறினால் இரண்டே நாளில் பூஞ்சை பூத்துக் கறுத்துவிடும். அந்த மாதங்களில் கட்டைத் தாளோடு நெகிழிப் பையில் போட்டு எரிசாராயம் தெளித்து இறுக மூடிவிட்டால் ஊருக்கு இறங்கும் வரை தாங்கும், ஆனால் நிறம் போய்விடும். பிரண்டை, கள்ளி மாதிரி நீர்ச் செடிகள் பலகைக்குள்ளும் உயிரோடிருந்து துளிர் விடும். அவற்றை நீளவாக்கில் பிளந்தோ கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கியோ அழுத்துங்கள். பூவின் நிறம், வாசம், பாலின் நிறம் மூன்றும் காய்ந்தபின் இருக்காது, நின்ற இடத்திலேயே எழுத வேண்டும், பென்சிலால். ஜெல் பேனா மழையில் கரைந்து ஓடும்.

காய்ந்த மாதிரிகளைப் பூச்சி தின்னாமல் இருக்கப் பழைய முறையில் பாதரச உப்பு பூசுவார்கள். வீட்டில் அதைச் செய்யவே கூடாது. நெகிழிப் பையில் மூடி, ஆழ்குளிர் பெட்டியில் ஒரு வாரம் வைத்தால் போதும். அடையாளத்துக்குக் கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையம், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் (உலர்ந்த செடி மாதிரிகளின் காப்பகம்), புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஆகியவற்றை அணுகலாம். சீட்டில் எண், தேதி, இடம், உயரம், பூ நிறம் இருந்தால் போதும். மருந்துப் பயனை அந்தச் சீட்டில் எழுத வேண்டிய அவசியமே இல்லை. பெயர் சொல்ல அவர்களுக்கு அது தேவைப்படாது, ஒருமுறை எழுதிவிட்டால் அது ஊரின் கையை விட்டுப் போய்விடும்.

அன்றிரவே எழுதுவது

நான்கு மணி நேர நடைக்கு இரண்டு மணி நேர எழுத்து. அன்றிரவே. மறுநாள் என்று தள்ளினால், அவர் எந்த இலையைக் கசக்கி முகர்ந்தார், எதைக் கண்டு முகம் சுளித்தார் என்பது போய்விடும். ஒலிப்பதிவைக் கேட்டு அவர் வாய்ச்சொல்லையே எழுதுங்கள். கோப்புக்குப் பெயர் 'தேதி-தடம்-எண்' என்று ஒரே ஒழுங்கில். மூன்று பிரதி, மூன்று இடத்தில், அதில் ஒன்று குடியிருப்பில்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஊர்க்காரர்களே நிறம் சொல்லட்டும். எல்லாரும் அறியலாம் என்பதற்குப் பச்சை, ஊருக்குள் மட்டும் என்பதற்கு மஞ்சள். ஒரு குடும்பத்துக்கு மட்டும் சொந்தமானதை எழுதவே வேண்டாம். பேச்சு வாக்கில் அப்படி ஒன்று வந்துவிட்டால் பதிவை நிறுத்தி, அவர் முன்னாலேயே அழித்துக் காட்டுங்கள். அரிய செடிகள் நிற்கும் இடத்தின் துல்லியமான ஆயத்தொலைவு மஞ்சள் பிரதியில்கூட வேண்டாம், நிறுத்தத்தின் ஊர்ப் பெயரே போதும். ஆரோக்கியப்பச்சைக்குக் கிராக்கி வந்ததும் காட்டிலிருந்து செடியைப் பிடுங்கிக் கடத்துவது தொடங்கியதை மறக்க முடியாது.

எழுதுவதா மறைப்பதா என்ற தயக்கம் நியாயமானது. மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு 1995இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமை 1997இல் ரத்தானது, அந்தக் குணம் ஏற்கெனவே எழுத்தில் இருந்ததைக் காட்ட முடிந்ததால்தான். ஆனால் சித்த, ஆயுர்வேத ஏடுகளில் உள்ளதைத் தொகுத்து வைத்திருக்கும் மரபறிவு மின் நூலகத்தில் மலைக்காரர்களின் வாய்மொழி அறிவு இல்லை. அதற்காக எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டினால் காப்பாற்றியதாக ஆகாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள வழி திறந்ததாகிவிடும். தேதியிட்ட, ஊர்ச் சபை கையெழுத்துள்ள, ஊரில் பூட்டி வைத்த குறிப்பேடு இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு தயாரிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எதைச் சேர்ப்பது என்பதையும் கிராம சபைதான் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல.

சரிபார்த்தல்

எழுதிய ஒவ்வொரு செடியையும் வேறு மூன்று பேரிடம், தனித்தனியாக, முடிந்தால் தடத்திலேயே காட்டுங்கள். பெயரைச் சொல்லாமல். கொடியென்றால் பறித்த கிளையைக் கொண்டுபோய்க் காட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு: பலருக்குச் செடியின் அடையாளம் அது நிற்கும் இடத்தோடு சேர்ந்தது, கையில் கொடுத்தால் தடுமாறுவார்கள். அது அறியாமை இல்லை. காய்ந்த மாதிரியைக் காட்டிக் கேட்பது அதைவிட மோசம்.

இருவர் மாறிச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். யார் சரி என்று தீர்ப்பு சொல்வது நம் வேலை இல்லை. பல சமயம் ஒருவர் தளிரைச் சொல்லியிருப்பார், மற்றவர் முற்றிய இலையைச் சொல்லியிருப்பார். 'செ, பா, கே' எழுத்தைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும், மீதி அடுத்த பருவத்தில் அந்தச் செடி முன்னால் இருவரும் ஒன்றாக நிற்கும்போது தீரும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பச்சைப் பக்கங்களையும் மஞ்சள் பக்கங்களையும் பெரிய எழுத்தில் அச்சடித்து ஊர்க் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் திருத்தங்களை ஓரத்தில் எழுத வேண்டும்: சொன்னவர் யார், என்ன தேதி. பழைய வரியை அடித்துவிட்டுப் புதியதை மேலே எழுதாதீர்கள், ஒரு கோடு மட்டும் போட்டு அதுவும் படிக்கும்படி இருக்கட்டும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளிடமிருந்து வரும் திருத்தங்களுக்கு ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு அச்சடியுங்கள், நாலு விரற்கடையாவது.